புதன்கிழமை மட்டும் பச்சை

இரும்பு ஏணி. பதினோரு படி.
மேலே ஒரு மச்சு, இரண்டு தையல் மெஷின்,
தாராவித் தோல்பைகளின் பசை வாடை.
"இதை எங்க ஒட்டணும் மேடம்?"
"வலது தொடை, முன்பக்கம், நடுவுல"
என்றேன், திரைக்கு இந்தப் பக்கம்
முதுகு வளைத்து நின்றபடி.
தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத கருவி.
மேலே தண்ணீர் புகாத பட்டை.
ஏழு நாள். குளிக்கலாம், கழற்றக் கூடாது.
படுத்த நேரம் எழுந்த நேரம்
இந்த நோட்டில் எழுதினால் போதும்.

பேச்சிமுத்துவுக்குக் கருவியில் அக்கறை இல்லை.
பட்டையைத்தான் நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம்.
"நல்ல கம். ரோல் என்ன விலை வருது?"

எட்டாம் நாள் பரேல் அலுவலகத்தில்
கம்பியில் செருகியதும்
அவர் வாரம் திரையில் விரிந்தது.
உட்கார்ந்தால் சாம்பல். நின்றால், நடந்தால் பச்சை.
திங்கள் சாம்பல். செவ்வாய் சாம்பல்.
காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை
தொடை அசையவே இல்லை.
கால் பெருவிரல் மட்டும் மிதியை
அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு
நாளுக்கு நாற்பது கைப்பைக்கு வாய் தைக்கிறது.
அந்தச் சேதி தொடைவரை ஏறுவதில்லை.
விடிகாலை நாலரைக்குத் தினமும் ஒரு பச்சைக் கீற்று.
அதை நான் கேட்கவில்லை.
எங்கள் தெருவிலும் தண்ணீர் அப்போதுதான் வரும்.

புதனன்று வேறு ஆள்.
பதினேழாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி.
நின்றது ஆறு மணி நேரம்.
உட்கார்ந்தது ஐம்பது நிமிடம்.
மென்பொருள் பூரித்துப்போய்
கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை
அச்சடித்துத் தந்தது:
மிகச் சிறந்த நாள்! இப்படியே தொடருங்கள்.

அந்தத் தாளைக் கொடுக்கத்தான் மறுபடி ஏணி ஏறினேன்.
விதிப்படி அறிவுரையையும் வாசித்தேன்:
அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.
அவர் எழுந்து காட்டினார்.
கூரைத் தகரம் ஐந்தடியில். ஆள் ஐந்தே முக்கால்.
குடைக்காம்பு மாதிரி கழுத்தை மடித்து
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
உட்கார்ந்துகொண்டார்.

"புதன்கிழமை என்ன பண்ணீங்க?"
படிவத்தில் இல்லாத கேள்வி.

"இர்ஷாத்துக்கு டெங்கு.
பிளேட்லெட் பதினெட்டாயிரம்னுட்டாங்க.
சயன் ஆஸ்பத்திரியில ஸ்டாக் இல்ல.
பரேலுக்கு ஓடு, சீட்டு வாங்கு,
ரத்தம் குடுக்க ஆளப் பிடின்னாங்க.
மழையில ரோடு பூரா ஜாம், நடந்தா சீக்கிரம்.
அப்புறம் வார்டு வாசல்ல
எங்க மேடம் நாற்காலி?"

பக்கத்து மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது.
தம்பிக்காரன் வந்து மதுபனிக்குக்
கூட்டிக்கொண்டு போனான் என்றாரா
கொண்டு போனான் என்றாரா,
கீழே யாரோ மோட்டாரை ஓட்டிவிட்டார்கள்.
இன்னொரு முறை கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கட்டைவிரல் படத்தின்மேல்
பசை காய்ந்த தன் கட்டைவிரலை வைத்தார்.
"அன்னிக்கு நான் நல்லா இருந்தேனாமா?"

பையில் மிச்சமிருந்த பட்டைச் சுருளை நீட்டினேன்.
சேதாரம் என்று கணக்கு எழுதிக்கொள்ளலாம்.
பல்பு வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் பார்த்து
ஓரம் கிழித்து, ஒட்டிப் பார்த்து
நூல்கண்டுப் பெட்டிக்குள் வைத்தார்.

இரவு, வீட்டில், மடிக்கணினி.
பங்கேற்பாளர் எண் நூற்று நாற்பத்தேழு.
குறிப்பு என்கிற கட்டம்
நாற்பது எழுத்துதான் பிடிக்கும்.
இர்ஷாத் என்று அடித்தேன். அழித்தேன்.
மழை என்று அடித்தேன். அதுவும் அழிந்தது.
கடைசியில் எல்லோருக்கும் போடுவதைத்தான் போட்டேன்:
கருவி சரியாக இயங்கியது.

எழப்போனால்
வலது கால் மரத்துக் கிடந்தது.